குழலில் 14 என்று அடித்திருந்தால் அது 14 போர் ஆகிவிடாது

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். என் தாத்தா வால்பாறையில் எஸ்டேட் வேலையில் இருந்தவர். அவர் அறையில் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி மாட்டியிருக்கும். அவர் போன பிறகு அது எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. போன மாதம் இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் அதே ஜாடையில் ஒன்றைப் பார்த்துவிட்டேன். வெளியே தெரிகிற மாதிரி இரண்டு ஹாமர், குழல் முழுக்கத் தேக்குமர வரி போல ஒரு கோலம். "இது 14 போர் (குழலின் துளை அளவு), வழக்கொழிந்த அளவு, லைசென்ஸ் வேண்டாம், பணம் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம்" என்றார் விற்பவர். 480 பவுண்ட் சொன்னார், 50 பவுண்ட் முன்பணம் கொடுத்திருக்கிறேன். குழலுக்கு அடியில் 14 என்று அடித்திருப்பதை அவரே காட்டினார். நான் குறித்துக்கொண்டு வந்தது: "13 பி, 14 எம், நாட் ஃபார் பால்". பழைய தோட்டா ஒரு பெட்டியும் சும்மா தருகிறாராம். சுவரில் மாட்டலாமா? நண்பர் ஒருவரின் பண்ணையில் வருடத்துக்கு ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா? ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பும்போது கையோடு கொண்டுபோக முடியுமா?

பதில்: நல்லவேளை, 50 பவுண்டோடு நின்றீர்கள். நீங்கள் குறித்துக்கொண்டு வந்த அந்த ஒரு வரியை வைத்தே சொல்கிறேன், அது 14 போர் துப்பாக்கியாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. என் கணக்கில் அது 12 போர். 12 போர் என்றால் அதற்கு நூற்று நாற்பது வயது ஆகியிருந்தாலும் சரி, ஷாட்கன் சர்டிஃபிகேட், அதாவது இந்த ரகத் துப்பாக்கிக்குப் போலீஸ் கொடுக்கும் உரிமம், இல்லாமல் உங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. விற்பவர் ஏமாற்றப் பார்த்தார் என்று சொல்லமாட்டேன். பழைய சாமான்களோடு சாமானாகத் துப்பாக்கியையும் வாங்கி விற்கிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையிலேயே இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியவில்லை என்பதால் உங்கள் கழுத்து தப்பாது.

முதலில் இந்த எண்களைப் பார்ப்போம், மற்றதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. ஒரு பவுண்ட் ஈயத்தை உருக்கி ஒரே அளவில் பன்னிரண்டு உருண்டை பிடித்தால், ஒரு உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ அதுதான் 12 போர். அங்குலத்தில் .729, நம் கணக்கில் 18.5 மில்லிமீட்டர். பதினான்கு உருண்டை பிடித்தால் உருண்டை சின்னதாகும், அது .693 அங்குலம், 17.6 மில்லிமீட்டர். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். இதுவரை எல்லோருக்கும் புரிந்துவிடும். கோட்டைவிடுவது அடுத்த படியில்.

பின்பக்கம் மடக்கித் தோட்டா போடுகிற துப்பாக்கியில் இரண்டு அளவுகள் உண்டு. தோட்டா உட்காருகிற அறை ஒன்று, அதற்கு முன்னால் ஈயக் குண்டுகள் ஓடுகிற குழல் இன்னொன்று. அறை எப்போதும் குழலைவிட அகலம், ஏனென்றால் காகிதமோ பித்தளையோ தோட்டாவின் சுவருக்கும் அங்கே இடம் வேண்டும். குழலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பார்த்தால், இரண்டரை அங்குலம் தள்ளி உள்ளே ஒரு வட்டப் படிக்கட்டு மாதிரி தெரியும். அந்தப் படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் அறை, அந்தப் பக்கம் குழல். இங்கிலாந்தில் லண்டனிலும் பர்மிங்காமிலும் இருக்கிற புரூஃப் ஹவுஸ்களில் ஒவ்வொரு குழலையும் அதிகப்படி மருந்து வைத்துச் சுட்டுச் சோதித்து முத்திரை அடிப்பார்கள். 1887-க்கு முன்னால் அவர்கள் அடித்த எண் குழலின் அளவு மட்டும்தான். அறையின் அளவை அடிக்கவே இல்லை. 1887 விதிகளில்தான் ஒரு சாய்சதுரக் கட்டத்துக்குள் 12 போட்டுக் கீழே "சி" என்று அறையின் அளவைத் தனியாகக் குறிக்கும் வழக்கம் வந்தது. அந்தக் கால 12 போர் துப்பாக்கிகளில் குழலைக் கொஞ்சம் இறுக்கமாக 13, 14 என்று துளைப்பது ரொம்பச் சாதாரணம். ஆக, 12 போர் தோட்டா போடுகிற துப்பாக்கியின் அடியில் 14 என்று மட்டும் அடித்திருக்கும், 12 என்கிற எண்ணை எங்கே தேடினாலும் கிடைக்காது. சந்தையில் "14 போர்" என்று சீட்டு ஒட்டி வருவதில் பெரும்பகுதி இந்த ரகம்தான்.

உங்களுடையதில் இன்னும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. "நாட் ஃபார் பால்" என்றால் ஒற்றைக் குண்டு போட்டுச் சுடாதே என்று அர்த்தம். குழலின் வாயைக் கொஞ்சம் குறுக்கி, ஈயக் குண்டுகள் சிதறாமல் சேர்ந்து போக வைக்கும் சோக் முறை பரவிய காலத்தில், 1875 விதிகளின்படி வந்த முத்திரை இது. குறுகின வாயில் முழுக்குண்டைத் திணித்துச் சுட்டால் குழல் வெடிக்கும், அதற்குத்தான் எச்சரிக்கை. கூடவே இரண்டு எண் அடிப்பார்கள். பி என்பது பின்பக்கத்துக் குழலளவு, எம் என்பது வாயின் அளவு. அதாவது உங்கள் துப்பாக்கி பின்னால் 13, வாய்க்குப் போகும்போது 14 ஆகக் குறுகுகிறது. விற்பவர் காட்டிய 14, குழலின் மறுமுனையில் எடுத்த அளவு! பின்னால் 13 என்று துளைத்த குழலுக்கு 12 போர் அறை இருப்பதுதான் வழக்கம். தயாரான காலமும் இதிலேயே வந்துவிட்டது, 1875-க்கும் 1887-க்கும் நடுவில்.

என் பேச்சை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். சந்தைக்குப் போகும்போது ஒரு வெர்னியர் காலிப்பர் எடுத்துப் போங்கள், பத்துப் பதினைந்து பவுண்டுக்குக் கிடைக்கிற டிஜிட்டல் போதும். துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டாவின் விளிம்பு உட்கார வெட்டியிருக்கிற முதல் பள்ளத்தை விட்டுவிட்டு, அதற்குச் சற்று உள்ளே அறையின் அகலத்தை எடுங்கள். 20.6 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் 12 போர். 19-ஐ ஒட்டி வந்தால் 16 போர், அதற்கும் சர்டிஃபிகேட் வேண்டும். நிஜமான 14 போர் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கும். காலிப்பர் பிடிக்கக் கை வராது என்றால் இன்னும் சுலபமான வழி, 12 போர் ஸ்னாப் கேப் ஒன்றை, அதாவது வெறும் டம்மித் தோட்டாவை, உள்ளே விட்டுப் பார்ப்பது. நான் ஏலக் கடையில் மதிப்பீட்டு மேசையில் உட்கார ஆரம்பித்த புதிதில் ஒரு பெரியவர் இதே மாதிரி "14 போர்" ஒன்றைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தார். இருபது வருடமாக மாடிப்படி மேலே மாட்டியிருந்தாராம். எங்கள் மூத்தவர் ஒன்றும் பேசாமல் மேசை டிராயரைத் திறந்து ஒரு ஸ்னாப் கேப்பை எடுத்து விட்டார். 'டக்' என்று போய் உட்கார்ந்தது, துப்பாக்கியும் மூடிக்கொண்டது. பெரியவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. அந்தத் துப்பாக்கி அன்று எங்கள் பெட்டகத்துக்குள் போனதுதான், அவர் வெறும் போர்வையோடு வீட்டுக்குப் போனார்.

சரி, சட்டம். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு. வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம். 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கும் பழம் துப்பாக்கிக்கு விலக்கு கொடுக்கிறது. "பழம்" என்றால் எது என்று ரொம்ப வருடம் சட்டத்தில் தெளிவாக இல்லாமலே ஓடியது, அரசாங்கத்தின் வழிகாட்டிக் குறிப்பை வைத்துத்தான் எல்லோரும் சமாளித்தோம். 2021 மார்ச் 22 முதல் அதற்கென்றே விதிகள் வந்துவிட்டன. துப்பாக்கி 1939 செப்டம்பர் 1-க்கு முன்னால் தயாரானதாக இருக்க வேண்டும். அதோடு, வாய் வழியே மருந்து கெட்டிக்கிற ரகமாகவோ பின்ஃபயர் (தோட்டாவின் பக்கவாட்டு ஊசியை அடித்து வெடிக்க வைப்பது, கீழே சொல்கிறேன்) போன்ற பழைய வெடிமுறையில் இயங்குவதாகவோ இருக்க வேண்டும், அல்லது அது ஏற்கும் தோட்டா விதிகளின் பட்டியலில் இருக்க வேண்டும். மூன்றாவதாக, நீங்கள் அதை அரும்பொருளாகவே வைத்திருக்க வேண்டும். ஷாட்கன் பக்கம் பட்டியலில் இருப்பவை 32, 24, 14, 8, 4 போர்கள், படகில் பொருத்தி வாத்துக் கூட்டத்தின் மேல் சுடுகிற பன்ட் கன்னின் பெரிய அளவுகள் சில, அப்புறம் 10 போரில் 2⅝, 2⅞ அங்குல அறை கொண்டவை மட்டும். 12, 16, 20, 28, .410 எதுவும் கிடையாது. தோட்டத்தில் எலி, குருவி சுட வைத்திருந்த சின்ன 9 மில்லிமீட்டர் ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பை அடித்து வெடிக்க வைக்கும்) துப்பாக்கியும் கிடையாது, அது எவ்வளவு பழசாக இருந்தாலும்.

"வழக்கொழிந்த" என்ற சொல்லை அகராதி அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தாலியில் 24 போர், 32 போர் தோட்டாக்களை இன்றைக்கும் புத்தம் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஆனாலும் அவை பட்டியலில் இருக்கின்றன. மறுபக்கம், இனி ஒருத்தனும் சுடத் துணியாத துருப்பிடித்த 12 போர் பட்டியலில் இல்லை. பட்டியல் சொன்னால் வழக்கொழிந்தது, அவ்வளவுதான். பட்டியலும் மாறும், 2021-இல் ரவுடிகள் கைக்கு அதிகமாகப் போய்க்கொண்டிருந்த ஏழு கைத்துப்பாக்கித் தோட்டா அளவுகளைத் தூக்கிவிட்டார்கள். அதுவரை ஷோகேஸில் வைத்திருந்தவர்கள் சர்டிஃபிகேட் வாங்கவோ ஒப்படைக்கவோ ஓட வேண்டியதாயிற்று. வாங்கினதோடு மறந்துவிடாமல் வருடத்துக்கு ஒரு தடவை பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அவர் 14 என்றுதானே சொன்னார், நான் நம்பித்தானே வாங்கினேன்" என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1977-இல் ஒரு மேல்முறையீட்டு வழக்கு. ஒருவர் தன்னிடம் இருந்த ரிவால்வர் நூறு வருடப் பழசு என்று மனதார நம்பியிருந்தார், பார்த்தால் அது பிற்காலத்தில் செய்த நகல். நேர்மையாக நம்பியது விடுதலைக்குக் காரணமாகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையில் இருந்ததா, இருந்தது, முடிந்தது. சர்டிஃபிகேட் இல்லாமல் ஷாட்கன் வைத்திருந்தால் அதிகபட்சம் ஐந்து வருடம் வரை சிறை. எல்லோரையும் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை, ஆனால் இங்கே குடியேறி வந்து வேலை, விசா, பிள்ளைகள் படிப்பு என்று இருக்கிற நமக்குப் போலீஸ் பதிவு ஒன்றே எவ்வளவு தலைவலி என்று உங்களுக்குத் தெரியாததா. இன்னொன்று, மூன்று மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்களுக்குத் தடைக்காலம் உண்டு. அது நடக்கும்போது பட்டியலில் உள்ள நிஜப் பழம் துப்பாக்கியைக்கூட அவர்கள் தொடக் கூடாது, 2014 முதல் இப்படி.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்த மூன்றாவது நிபந்தனையிலேயே இருக்கிறது. அரும்பொருளாக வைத்திருக்கும் வரை விலக்கு. சுட வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தால் அது அரும்பொருள் இல்லை, துப்பாக்கி. நிஜமான 14 போராகவே இருந்தாலும், வருடத்துக்கு ஒரு தடவைதான் என்றாலும், முதலில் சர்டிஃபிகேட் வாங்கி அதில் இதை ஏற்றிவிட்டுத்தான் சுட வேண்டும். அந்தத் தோட்டாப் பெட்டியையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுவரில் அலங்காரம், அலமாரியில் அதற்குப் பொருந்தும் தோட்டா என்று இருந்தால் "அலங்காரத்துக்குத்தான் ஐயா" என்கிற பேச்சை எந்தப் போலீஸ்காரர் நம்புவார்? அப்புறம் ஒரு சந்தேகம், அந்தப் பெட்டியின் மேல் என்ன எண் இருந்தது என்று பார்த்தீர்களா? 12 என்று இருந்தால், அந்தத் துப்பாக்கியோடு கூடவே பல வருடம் இருந்த பெட்டி அது, காலிப்பரே வேண்டியதில்லை.

சட்டத்தை விடுங்கள், சுடுவதே எனக்குப் பிடிக்கவில்லை. 1880-களின் குழல் கருமருந்துக்குச் சோதித்தது. இன்றைய தோட்டாவில் இருப்பது நைட்ரோ மருந்து, அது அழுத்தம் கொடுக்கிற விதமே வேறு. நைட்ரோவுக்கான புரூஃப் முத்திரை 1896-க்குப் பிறகு வந்தது. உங்களுடையதைப் பிற்காலத்தில் யாராவது மறுபடி புரூஃப் செய்திருந்தால் ஒழிய, அதில் அந்த முத்திரை இருக்காது. அறை நீளமும் பழசுக்கு இரண்டரை அங்குலம், இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் இரண்டே முக்கால். நீளத் தோட்டா உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. போகாவிட்டால் தப்பித்தீர்கள். போய், சுட்டதும் அதன் முனை விரியும்போது குழலுக்குள் துருத்திக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிவிடும். உங்கள் நண்பர் பண்ணையில் இதை யார் பார்த்துச் சொல்வார்கள்? சுடுகிற ஆசைதான் என்றால் ஒரு களிமண் தட்டு சுடும் மைதானத்துக்குப் போங்கள். போலீஸ் அனுமதி பெற்ற இடத்தில், அனுமதித்த நேரத்தில், சர்டிஃபிகேட் இல்லாதவர்கள் அவர்கள் துப்பாக்கியை இரவல் வாங்கித் தட்டு சுட சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒரு மணி நேரப் பயிற்சி எடுங்கள், தோள் வலிக்க வீட்டுக்கு வருவீர்கள், ஆசை அடங்கிவிடும். அடங்காவிட்டால் சர்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பியுங்கள். மருத்துவர் விவரம், வீட்டுக்கு வந்து போலீஸ் பார்ப்பது, பூட்டிய பெட்டி எல்லாம் உண்டு, கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

சுவரில் மாட்ட மட்டும் என்றால் என் யோசனை, ஒரு பின்ஃபயர் துப்பாக்கி தேடுங்கள். லெஃபோஷோ என்கிற பாரிஸ்காரர் கொண்டுவந்த முறை. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்ட பிறகுதான், பின்பக்கம் மடக்குகிற துப்பாக்கி இங்கிலாந்துக்காரர்கள் கண்ணில் பட்டது. தோட்டாவின் பக்கவாட்டில் ஒரு ஊசி மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், ஹாமர் அந்த ஊசியை அடிக்கும். அதற்காகக் குழலின் பின்விளிம்பில் மேல்பக்கம் ஒரு சின்ன வெட்டு இருக்கும், இதைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடலாம். வெடிமுறையே பழசு என்பதால் 12 போராக இருந்தாலும் பிரச்சினை இல்லை. அழகும் உங்கள் தாத்தாவின் துப்பாக்கி அழகுதான், வெளி ஹாமர், கோலக் குழல் எல்லாம் இருக்கும். ஆனால் நிறைய பின்ஃபயர்களை அந்தக் காலத்திலேயே நடு அடித் தோட்டாவுக்கு, அதாவது அடிப்பக்கத்தின் நடுவில் ஊசி குத்தி வெடிக்கும் தோட்டாவுக்கு, மாற்றிவிட்டார்கள். அந்த வெட்டை அடைத்து, பின்சுவரில் ஊசிக்குத் துளை போட்டிருப்பார்கள். மூடிய நிலையில் பார்த்தால் தெரியாது, மடக்கித் திறந்து பின்சுவரைப் பாருங்கள். துளை இருந்தால் அது இப்போது பின்ஃபயர் இல்லை.

எதை வாங்கினாலும் இவ்வளவு பாருங்கள். குழலை மட்டும் கழற்றி, அடிக்கொக்கியில் ஒரு விரலை விட்டுத் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி நீளமாகக் கேட்டால் இரண்டு குழலையும் சேர்த்த பற்றவைப்பு கெட்டியாக இருக்கிறது. தகர டப்பா சத்தம் வந்தால் நடுப்பட்டை எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. பின் குழலைப் பூட்டி, முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டிப் பாருங்கள், ஆடினால் கீல் தேய்ந்தது. ஜன்னல் பக்கம் நீட்டிக் குழலுக்குள் பார்த்தால் வெளிச்சம் வளைய வளையமாக ஓடும். வளையம் ஓரிடத்தில் நெளிந்தால் வெளியே அடி வாங்கியிருக்கிறது. இதெல்லாம் சுவரில் மாட்டுகிற துப்பாக்கிக்கு எதற்கு என்றால், விலைக்குத்தான். திருகாணித் தலைகளைப் பார்க்க மறக்க வேண்டாம்: நல்ல கைபட்ட துப்பாக்கியில் வெட்டுகள் கூர்மையாக, எல்லாம் ஒரே திசையில் நிற்கும். வீட்டு ஸ்க்ரூடிரைவர் போட்டுப் பிய்த்திருந்தால் நூறு பவுண்ட் குறைத்துக் கேளுங்கள், கூச்சப்படாமல். பெயரை மட்டும் வைத்து மயங்காதீர்கள்; பெரிய ஆங்கிலேயப் பட்டறைகளின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பொறித்து பெல்ஜியத்தின் லியேஜில் ஏராளமாகச் செய்து அனுப்பினார்கள். குழலடியில் முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று இருந்தால் அது லியேஜ் முத்திரை. துப்பாக்கி மோசம் என்று அர்த்தமில்லை, ஆங்கிலேய விலை கொடுக்க வேண்டாம் என்று அர்த்தம்.

வாய் வழியே கெட்டிக்கிற ரகம் கண்ணில் பட்டால் ஒரு எச்சரிக்கை. விலை கேட்பதற்கு முன்னால், ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே விரல் வைத்துக் குறித்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குச்சி பின்முனைக்குக் கிட்டத்தட்ட வந்து சேர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே இன்னும் மருந்து இருக்கிறது. நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், ஒன்று வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே மாட்டியிருந்தது. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் ஆனாலும் சாகாது. அப்படி இருந்தால் நீங்களே தோண்டாதீர்கள், துப்பாக்கிப் பட்டறைக்குச் சொல்லுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. லேசாக எண்ணெய், உப்புக்காகிதம் மட்டும் கிட்டே வரக் கூடாது. பளபளவென்று தேய்த்தால் அந்தக் கோலமும் போகும், விலையும் போகும். ஹாமரை இழுத்து இழுத்து விட்டு விளையாடப் பிள்ளைகளை விடாதீர்கள். பூட்டிய பெட்டியில் வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் தெருவிலிருந்து ஜன்னல் வழியே தெரிகிற சுவர் வேண்டாம். எடுத்துப் போகும்போது உறையில் போட்டுக் காரின் டிக்கியில் வையுங்கள். தோளில் சாத்திக்கொண்டு லெஸ்டர் தெருவில் நடந்தால் எதிரே ஆயுதப் போலீஸ் வரும், பட்டியலை அவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஊருக்குக் கொண்டுபோவது? வேண்டாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவும் பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது, ஆனால் பழுது பார்த்தாலும்கூட இனித் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்கிற நிலையில் இருந்தால் மட்டும். வேலை செய்கிற பின்ஃபயரோ 14 போரோ இங்கே சுவர் அலங்காரம், சென்னை விமான நிலையத்தில் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. தோட்டாவின் அளவுப் பட்டியல் என்று ஒன்று அங்கே கிடையாது.

முன்பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர் வியாபாரி என்றால், சொன்ன பொருளும் கொடுக்கிற பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. சண்டைக்குப் போகாமல், காலிப்பரோடு போய் அவர் கண் முன்னால் அளந்து காட்டுங்கள். 12 என்று தெரிந்தால் அவருக்கும் அதைக் கையில் வைத்திருக்க உரிமை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பதிவு பெற்ற துப்பாக்கி வியாபாரி இல்லை என்றால் அவரே உங்கள் 50 பவுண்டைக் கையில் திணித்துவிட்டுக் கடையைச் சாத்துவார். உதவியாக இருக்கட்டுமே என்று நீங்கள் எடுத்துப் போகாதீர்கள், அவர் போலீஸைக் கூப்பிட்டோ பதிவு பெற்ற வியாபாரியை வரவழைத்தோ ஒப்படைக்கட்டும். அளந்ததில் நிஜமாகவே 14 போர் என்று வந்துவிட்டால் என்னைத் திட்டிவிட்டு வாங்குங்கள். ரசீதில் போர், அறை அளவு, தயாரான காலம், அரும்பொருளாக விற்கப்பட்டது என்ற நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், குழலடி முத்திரைகளைப் படம் எடுத்து ரசீதோடு வையுங்கள்.

கடைசியாக உங்கள் தாத்தாவின் துப்பாக்கி. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. லைசென்ஸ்தாரர் இறந்தால் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று அதே 1959 சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. குறித்த காலத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அரசாங்கத்துக்குப் போய்விடும். உங்கள் வீட்டில் யாரோ ஒரு சித்தப்பா அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருப்பார், அந்தக் காலத்தில் அப்படித்தான் நடக்கும். துப்பாக்கி திரும்பக் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம் பத்திரங்களோடு எங்கேயாவது கிடக்க வாய்ப்பு உண்டு, செய்தவர் பெயரும் துப்பாக்கி எண்ணும் அதில் எழுதியிருக்கும். சில பழைய ஆங்கிலேயப் பட்டறைகளின் பேரேடுகள் இன்னும் இருக்கின்றன, எந்த வருடம் யாருக்காகச் செய்தது என்று எண்ணை வைத்தே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். புத்தகம் அகப்பட்டால் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.